அதியமான் நெடுமான் அஞ்சி

அதியமான் நெடுமான் அஞ்சி சங்ககாலத்தில் தகடூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட குறுநில மன்னன் ஆவான். அக்காலத் தகடூரே இன்றைய தருமபுரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் போற்றப்படும் இவன், நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்த செய்தியால் பரவலாக அறியப்படுகிறான். எனினும் இவனைப் பற்றிய சங்கப் பாடல்களில் பெரும்பாலானவை இவனது போர்த்தொழிலையே பாடுகின்றன. ஓயாமல் போரிட்ட இவன் இறுதியில் சேரருடன் நிகழ்ந்த போரில் மார்பில் வேல் பாய்ந்து இறந்தான். திருக்கோவலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் இவனுடைய பெயர் முழுமையாகக் காணப்படுகிறது. இலக்கியத்தில் பாடப்பட்ட குறுநில மன்னர் ஒருவரின் பெயர் அக்காலக் கல்வெட்டிலும் கிடைப்பது அரிது.

பெயரும் குடியும்

அதியமான் என்பது குடிப்பெயர். அதியர் குடியினன் என்னும் பொருளில் 'அதியர் மகன்' என்பது 'அதியமான்' எனத் திரிந்தது. சேரமகன் 'சேரமான்' ஆனதும் இவ்வாறே. அதிகன், அதிகமான், அதிகைமான் என்னும் வடிவங்களும் வழங்கின. அஞ்சி என்பது இவனது இயற்பெயர். எழினி என்னும் பெயரும் இக்குடியில் வழங்கியது. ஒரு பாடலில் வரும் எழினி இவனா, இவன் மகனா, இக்குடியைச் சேர்ந்த வேறொருவனா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இவனைப் பற்றிப் படிப்போர் இதை நினைவிற்கொள்வது நல்லது. ஒருவனது வரலாறாக இன்று சொல்லப்படுவனவற்றுள் ஒன்றிரண்டு அவன் குடியினர் பிறருக்கு உரியனவாக இருக்கக்கூடும்.

அதியர் சேரரின் கிளையினர் என்ற கருத்து உண்டு. சேரரின் அடையாளமான பனம்பூ மாலையை அதியமானும் அணிந்ததாகப் புறநானூற்றின் 99ஆம் பாடல் கூறுவது இதற்கு ஒரு சான்றாகக் காட்டப்படுகிறது. அதே பாடல் இவன் முன்னோரைப் பற்றி வேறொரு செய்தியையும் தருகிறது. பெறுதற்கரிய கரும்பை வேறிடத்திலிருந்து இந்நிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள் என்பதே அது. இவன் மகனைப் பாடிய 392ஆம் பாடலிலும் இச்செய்தி வருவதால், குடிப்பெருமையாக அது அக்காலத்தில் வழங்கியது என்று கொள்ளலாம். ஒரு மன்னர் குடியின் புகழைப் பயிர் ஒன்றுடன் சேர்த்துச் சொல்வது சங்க இலக்கியத்தில் அடிக்கடி காணக்கூடியதன்று.

மழவர் என்னும் போர்க்குடியினருக்கு இவன் தலைவனாக விளங்கினான். குதிரைமலை அதியர் குடிக்குரிய மலையாகக் கூறப்படுகிறது.

வரலாற்றுச் சான்றுகள்

இவனைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி ஔவையாரால் கிடைத்தது. சங்க இலக்கியத்தில் ஔவையார் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 33 புறநானூற்றைச் சேர்ந்தவை. அந்த 33இல் 22 பாடல்கள் அஞ்சியைப் பற்றியவை. மேலும் மூன்று இவன் மகன் பொகுட்டெழினியைப் பற்றியவை. ஒரு குறுநில மன்னனின் வீரம், கொடை, சினம், இறப்பு ஆகிய அனைத்தையும் அவனுடன் பழகிய ஒரே புலவர் பாடி வைத்திருப்பதால், முடியுடை வேந்தர் சிலரைக் காட்டிலும் இவனை நாம் நெருக்கமாக அறிகிறோம். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஆகியவற்றைப் பாடிய ஔவையார் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். பள்ளிப் பாடங்களில் இருவரும் ஒருவராகக் குழம்பிவிடுவதுண்டு.

ஔவையாரைத் தவிரப் பெருஞ்சித்திரனார், அரிசில்கிழார், பரணர் முதலியோரின் பாடல்களும் சிறுபாணாற்றுப்படையும் செய்தி தருகின்றன. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தும் அதன் பதிகமும் பகைவர் பக்கத்திலிருந்து கிடைக்கும் சான்றுகள். அஞ்சியத்தை மகள் நாகையார் என்னும் பெண்பாற் புலவரின் அகநானூற்றுப் பாடலிலும் (352) அஞ்சியின் பெயர் வருகிறது. அப்புலவர் இவனுடைய அத்தை மகள் என்பது பெயரிலிருந்து பெறப்படுவது. இந்நூல்களுள் புறநானூறு 1894ஆம் ஆண்டிலும் பதிற்றுப்பத்து 1904ஆம் ஆண்டிலும் உ. வே. சாமிநாதையரால் பதிப்பிக்கப்பட்டன.

இவனது காலத்தைத் துல்லியமாக வரையறுக்க இயலவில்லை. கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் வைப்பாரும், சற்று முற்பட்டவன் என்பாரும் உளர்.

போர்கள்

அஞ்சி எழுவரை எதிர்த்து வென்றதாக ஔவையார் பாடுகிறார். பகைவரின் மதில்கள் பலவற்றைக் கைப்பற்றியவன் என்பதும் அவர் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. அவனுடன் போரிட எண்ணுவோரை எச்சரிக்கும் பாடல்களில் அவர் எடுத்தாளும் உவமைகள் யாவும் அன்றாட வாழ்க்கையைச் சேர்ந்தவை. ஒரே நாளில் எட்டுத் தேர்கள் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரம் போன்ற உறுதி உடையவன் என்கிறார். சிறுவர் ஆடிக் கலக்கும் முழங்காலளவு நீரிலும் முதலை யானையைக் கொன்றுவிடும் என்று மற்றொரு பாடலில் நினைவூட்டுகிறார். வேறொன்றில், வீட்டு இறைப்பில் செருகி வைத்த தீக்கடைகோல் போல வேண்டாதபோது அடங்கியிருந்து, வேண்டும்போது வெளிப்படுவான் என்கிறார்.

போர் இவனது இல்லத்துக்குள்ளும் நுழைந்தது. மகன் பிறந்த செய்தி கேட்டு, போர்க்களத்திலிருந்து நேரே வந்து குழந்தையைப் பார்த்த காட்சியைப் புறநானூற்றின் 100ஆம் பாடல் காட்டுகிறது. கையில் வேல், காலில் கழல், உடலில் வியர்வை, கழுத்தில் ஆறாத புண் ஆகியவற்றோடு புலியுடன் பொருத யானையைப் போல அவன் நின்றான். பகைவரை நோக்கிச் சிவந்த கண்கள் தன் மகனை நோக்கும்போதும் சிவப்பு நீங்கவில்லை. இதை ஔவையார் வீரத்தின் சிறப்பாகவே பாடியிருக்கிறார். இன்று படிப்பவருக்கு அதில் வேறொன்றும் தென்படலாம்.

தொண்டைமானிடம் தூது

அஞ்சிக்கும் தொண்டைமானுக்கும் இடையே பகை மூண்டபோது ஔவையார் அஞ்சியின் சார்பில் தூது சென்றார். தன் வலிமையைக் காட்ட விரும்பிய தொண்டைமான் அவரைப் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்று காட்டினான். அங்கிருந்த கருவிகள் மயிற்பீலி சூட்டப்பட்டு, மாலை அணிவிக்கப்பட்டு, நெய் பூசப்பட்டுக் காவலுடன் அழகாக இருந்தன. அவற்றைப் புகழ்வது போலத் தொடங்கிய ஔவையார், அஞ்சியின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லனின் சிறிய உலைக்களத்தில் கிடக்கின்றன என்று முடித்தார். பயன்படாத படைக்கலமே பளபளப்பாக இருக்கும் என்பது சொல்லாமல் சொல்லப்பட்டது. இத்தூதின் விளைவு என்ன என்பதைப் பாடல் கூறவில்லை. எனினும் ஒரு பெண்பாற் புலவர் அரசியல் தூதராகச் சென்றதற்கு இது தெளிவான சான்றாகும்.

நெல்லிக்கனி

புறநானூற்றின் 91ஆம் பாடலே நெல்லிக்கனிச் செய்திக்கு முதன்மைச் சான்று. பெரிய மலையின் பிளவில் வளர்ந்த நெல்லியின் கனி, பெறுதற்கு அரியது, இறப்பை நீக்க வல்லது. அதன் சிறப்பை வெளியிடாமல் தன் உள்ளத்துள் அடக்கிக்கொண்டு அதை அவன் ஔவையாருக்குக் கொடுத்தான். இதற்காக ஔவையார் அவனை நஞ்சுண்டு கழுத்துக் கறுத்த சிவனைப் போல நிலைபெறுக என வாழ்த்துகிறார். இச்செயலைச் சிறுபாணாற்றுப்படையும் குறிப்பிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை காய்க்கும் கருநெல்லி, அதைக் காத்த பாம்பு என்றெல்லாம் பின்னர்க் கதைகளில் வழங்குவன இப்பாடலில் இல்லை.

பாடலில் கொடையின் அளவைவிட மறைத்தலே பெரிதாகப் பேசப்படுகிறது. கனியின் தன்மையைச் சொல்லியிருந்தால் ஔவையார் அதை மன்னனே உண்ண வேண்டும் என்று மறுத்திருப்பார். அதனாலேயே அவன் சொல்லவில்லை என்பது உரையாசிரியர்களின் விளக்கம். வாழ்த்தியவாறு நடக்கவில்லை. கனியை உண்டவர் இருக்க, கொடுத்தவன் போரில் இறந்தான். அவனுக்கு இரங்கற்பா பாடும் நிலையும் ஔவையாருக்கே வந்தது.

புலவருடன் பிணக்கு

வள்ளல் என்று புகழப்பட்டாலும் அஞ்சி எப்போதும் புலவரை மகிழ்வித்தான் என்று கூற முடியாது. ஒருமுறை அவன் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது ஔவையார் சினந்து, வாயில்காவலனை விளித்து, அறிவும் புகழும் உடையோர் உலகில் மாய்ந்துவிடவில்லை, எத்திசைச் சென்றாலும் எமக்குச் சோறு கிடைக்கும் என்று பாடிப் புறப்பட ஆயத்தமானார் (புறநானூறு 206). ஆனால் வேறொரு பாடலில் அவரே, பல நாள் பலரோடு சென்றாலும் முதல்நாள் போலவே வரவேற்பவன் அவன் என்றும், அவனிடம் பரிசில் தாமதமானாலும் அது யானை தன் கொம்புகளுக்கிடையே வைத்த கவளம் போலத் தவறாது என்றும் கூறுகிறார். இவ்விரு பாடல்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பெருஞ்சித்திரனார் சென்றபோது அஞ்சி அவரை நேரில் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். தன்னைப் பார்த்து, தன் தகுதியறிந்து கொடுக்கப்படாத பொருளைப் பெறத் தான் வாணிகப் பரிசிலன் அல்லன் என்று கூறிப் புலவர் அதை மறுத்தார். அதே பெருஞ்சித்திரனார் பின்னர்க் குமணனைப் பாடியபோது, மறைந்த வள்ளல்கள் எழுவரைக் கணக்கிடுகையில் குதிரைமலைத் தலைவனான எழினியையும் அவருள் ஒருவனாகச் சேர்த்திருக்கிறார். இந்த எழினி அஞ்சியே என்று கொள்ளப்படுகிறது.

கோவலூரும் கொல்லியும்

அஞ்சியின் போர்களுள் பெரும் விளைவுகளை உண்டாக்கியது கோவலூர்ப் போர். பெண்ணையாற்றங்கரையிலுள்ள கோவலூர் (திருக்கோவலூர்) மலையமான் திருமுடிக்காரிக்கு உரியது. காரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவனே. அஞ்சி கோவலூரைத் தாக்கி அழித்தான். இவ்வெற்றியைப் பரணர் பாடினார் என்று ஔவையார் குறிப்பிடுகிறார். பரணரின் அப்பாடல் இன்றுள்ள தொகைநூல்களில் காணப்படவில்லை.

காரி பின்னர்க் கொல்லிமலைத் தலைவனான வல்வில் ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான் என்று அகநானூறு (209) கூறுகிறது. கோவலூரை இழந்த காரி சேரரின் துணையை நாடினான் என்றும், அதற்குக் கைம்மாறாகவே ஓரியைக் கொன்றான் என்றும் வரலாற்றாசிரியர் ஊகிப்பர். காரணம் எதுவாயினும், கொல்லி சேரர் கைக்குச் சென்றதால் தகடூரின் தெற்கு எல்லை ஆபத்துக்குள்ளானது. காரி, ஓரி, அதியமான் ஆகிய மூவரும் வள்ளல்கள் எழுவருள் அடங்குபவர்கள் என்பதையும், அம்மூவருமே இப்பூசலில் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றவர்கள் என்பதையும் கடையெழு வள்ளல்களின் பட்டியல் மட்டும் படிப்போர் அறிவதில்லை.

தகடூர்ப் போரும் இறப்பும்

அப்போதைய சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகத்தின்படி, இவன் கொல்லிக் கூற்றத்தில் அதிகமானையும் இருபெரு வேந்தரையும் ஒருங்கே வென்று, அவர்களுடைய முரசு, குடை, அணிகலன் ஆகியவற்றைக் கவர்ந்து, பின்னர்த் தகடூர்க் கோட்டையை அழித்தான். இருபெரு வேந்தர் என்பது சோழரையும் பாண்டியரையும் குறிக்கும். அவ்விருவரும் துணையாக நின்றும் அஞ்சியால் வெல்ல இயலவில்லை. இவ்வெற்றியால் சேரன் 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை' எனப் பெயர்பெற்றான். வில்வீரர் நிறைந்த காவற்காட்டையும், மறம் மிக்க வீரரின் காவலையும் உடையது தகடூர் என எட்டாம் பத்தே ஒப்புக்கொள்கிறது.

இந்தப் போரைத் தனிப்பொருளாகக் கொண்டு 'தகடூர் யாத்திரை' என்னும் நூல் இயற்றப்பட்டது. அந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்னும் தொகுப்பிலும், தொல்காப்பியத்திற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையிலும் எடுத்துக்காட்டப்பட்ட செய்யுள்களே எஞ்சியுள்ளன. இந்நூல் கிடைத்திருந்தால் முற்றுகையின் போக்கை நாம் இன்னும் தெளிவாக அறிந்திருப்போம்.

சேரன் பக்கத்துப் புலவர் அரிசில்கிழார். எட்டாம் பத்தைப் பாடியமைக்காகச் சேரன் அவருக்கு ஒன்பது நூறாயிரம் காணம் பொன்னும் அரசுக்கட்டிலும் கொடுக்க, அவர் ஆட்சியை மன்னனுக்கே திருப்பியளித்து அமைச்சுப் பொறுப்பை ஏற்றார் எனப் பதிகம் கூறும். வெற்றிபெற்ற மன்னனின் புலவரான அவரே, தகடூர்ப் போரில் வீழ்ந்த எழினிக்காகவும் இரங்கிப் பாடியிருக்கிறார் (புறநானூறு 230). அவன் நாட்டில் கன்றோடு கறவைகள் காட்டில் அச்சமின்றித் தங்கின. வழிப்போக்கர் விரும்பிய இடத்தில் உறங்கினர். களத்து நெல் காவலின்றிக் கிடந்தது. இப்படிப்பட்டவனைக் கொண்டுசென்ற கூற்றம், வறுமையால் விதைநெல்லைச் சமைத்துண்ட உழவனைப் போலத் தன் எதிர்கால உணவைத் தானே அழித்துக்கொண்டது என்கிறார் புலவர். அவன் உயிரோடிருந்தால் களங்கள்தோறும் கூற்றத்துக்குப் பகைவரின் உயிர்கள் கிடைத்திருக்கும் என்பது கருத்து. இந்த எழினி அஞ்சியே என்பர் சிலர். அவன் குடியைச் சேர்ந்த வேறொரு தலைவன் என்பர் சிலர்.

வென்ற சேரனும் கொடிய பகைவனாக இலக்கியத்தில் காட்டப்படவில்லை. முரசு வைக்கும் கட்டிலில் அறியாமல் உறங்கிய மோசிகீரனாரைத் தண்டிக்காமல், அருகில் நின்று கவரி வீசிய மன்னன் இவனே.

அஞ்சியின் இறப்பை ஔவையார் மூன்று பாடல்களில் (231, 232, 235) பாடியுள்ளார். அவற்றுள் 235ஆம் பாடல் தனித்து நிற்பது. கள் சிறிதளவே கிடைத்தால் அதைப் பாடி வந்தவருக்கே கொடுத்துவிடுவான் எனவும், மிகுதியாகக் கிடைத்தால் அவர்களைப் பாடச்செய்து அவர்களுடன் சேர்ந்து உண்பான் எனவும், அம்பும் வேலும் வரும் இடத்தில் தானே முன்நிற்பான் எனவும், நரந்தம் மணக்கும் கையால் தன் தலையைத் தடவிக்கொடுப்பான் எனவும் சிறுசிறு நினைவுகளாக அப்பாடல் அடுக்கிச் செல்கிறது. அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணரின் உண்கலங்களையும் இரப்போர் கைகளையும் துளைத்துச் சென்றது என்று கூறி, இனிப் பாடுவோரும் இல்லை, பாடுவோர்க்குக் கொடுப்போரும் இல்லை என்று முடிகிறது. 232ஆம் பாடல் அவனுக்கு நட்ட கல்லைக் குறிப்பிடுகிறது. அக்கல்லில் மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளைப் படைத்தனர். மலையுடன் நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இச்சிறு கள்ளைக் கொள்வானோ என்று ஔவையார் கேட்கிறார்.

தருமபுரிப் பகுதியில் பிற்காலத்தைச் சேர்ந்த நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் பல தருமபுரி அகழ்வைப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன. அஞ்சியின் நடுகல் எதுவும் இதுவரை அடையாளம் காணப்படவில்லை.

ஜம்பைக் கல்வெட்டு

மௌரியப் பேரரசர் அசோகர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பொறித்த இரண்டாம் பாறைக் கட்டளையில், தம் ஆட்சிக்கு உட்படாத தென்னாட்டவராகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்பாரையும் குறிப்பிடுகிறார். முதல் மூவரும் எளிதில் விளங்கினர். சத்தியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் விவாதத்துக்குரியதாக இருந்தது. கோசர் என்றும், காஞ்சிப் பகுதியினர் என்றும் பலவாறு கருதப்பட்டது. அதியமான் குடியினரே சத்தியபுத்திரர் என்று கே. ஜி. சேஷ ஐயர் போன்றோர் முன்பே கூறியிருந்தனர். ஆயினும் நேரடிச் சான்று இல்லை.

1981ஆம் ஆண்டு தமிழ்நாடு தொல்லியல் துறையினர் ஜம்பையிலுள்ள குகை ஒன்றில் ஒற்றைவரிக் கல்வெட்டைக் கண்டறிந்தனர். சத்தியபுத்திரனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி என்பது அதன் பொருள். பாளி என்பது துறவியர் தங்குமிடம். சத்தியபுத்திரர் என்பதற்குரிய பிராகிருதச் சொல்லும் அஞ்சியின் தமிழ்ப் பெயரும் ஒரே வரியில் அருகருகே நின்றதால் பழைய ஐயம் நீங்கியது. அதியமான் என்பதில் உள்ள 'மகன்' என்பதே 'புத்திரர்' என மொழிபெயர்க்கப்பட்டது என்பதும் தெளிவாயிற்று. எழுத்தமைதியைக் கொண்டு ஐராவதம் மகாதேவன் இதனைக் கி.பி. முதலாம் நூற்றாண்டினதாகக் கணித்தார்.

ஜம்பை திருக்கோவலூர் வட்டாரத்தில், அதாவது காரியின் நாட்டில், அமைந்துள்ளது. அங்கு அஞ்சி கொடையளித்திருப்பது, கோவலூர் வெற்றியைப் பற்றிய பாடல் செய்திக்கு வலுச் சேர்ப்பதாகக் கருதப்படுகிறது. தான் அழித்த ஊரின் அருகிலேயே அவன் துறவியருக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்திருக்கிறான்.

பிற்கால அதியமான்கள்

அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. இவனது வீரத்தையும் கொடையையும் ஔவையார் பாடியுள்ளார். தகடூர் வீழ்ந்தபின் இக்குடி அழிந்துவிடவில்லை. 8ஆம் நூற்றாண்டில் நாமக்கல்லில் குடைவரைக் கோயில் எடுத்தவர்கள் அதியர் மரபினரே. அதே நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் தகடூர் அதியனை வென்றதாகச் செப்பேடு கூறுகிறது. போளூர் அருகிலுள்ள திருமலையில், முன்பு எழினி என்னும் சேரமரபினன் எடுத்த இயக்கன், இயக்கி உருவங்களைத் தகடூர் அதிகனான விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்ததாகக் கல்வெட்டு உள்ளது. இவன் மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தவன். சேரர் தொடர்பை இக்குடி ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் பெருமையுடன் சொல்லிக்கொண்டது இதனால் தெரிகிறது. தருமபுரி மாவட்டத்தில் கிடைத்த தூரக்கற்களில் 'அதியமான் பெருவழி' என்ற சாலைப் பெயரும் காணப்படுகிறது.

தருமபுரி மாவட்டம் 1965இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் அதியமான்கோட்டை என்னும் ஊர் உள்ளது. அஞ்சியின் கோட்டை இங்கேதான் இருந்தது என்பதும், இவ்வூர்க் காலபைரவர் கோயில் அவன் எடுப்பித்தது என்பதும் உள்ளூர் வழக்கு. தமிழகத்தில் சங்ககாலக் கற்கோயில் எதுவும் கிடைக்காத நிலையில், இப்போதுள்ள கோயிலைப் பிற்கால அதியமான்களின் காலத்தோடு அல்லது அதற்கும் பின்னர் வந்தோருடன் தொடர்புபடுத்துவதே பொருத்தமாகும்.